மூச்சை விடச் சொல்லும் வரி

அன்பு மகளே,

நான் என் கையாலேயே எழுதும் முதல் கடிதம் இது. முதியோர் கல்வி வகுப்பு டீச்சரிடம்கூடக் காட்டவில்லை. பிழைகள் எல்லாம் சொந்தப் பிழைகள்.

நீ சொன்னது சரிதான். அம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைக்க என் முதுகு ஒத்துழைக்கவில்லை. அதனால் திங்கட்கிழமையிலிருந்து வீட்டிலேயே தினமும் பத்து நிமிடம் யோகா செய்கிறேன். வகுப்பில் படித்துப் பழகக் கொடுத்த யோகா தாளைப் பார்த்துத்தான்.

மூச்சை உள்ளே இழுக்கவும் என்று இருந்தது. இழுத்தேன். விடச் சொன்னது அடுத்த வரியில். எழுத்துக்கூட்டி அங்கே போய்ச் சேர்வதற்குள் கண் பிதுங்கிவிட்டது.

"என்னங்க இது, தவளையாட்டம் உப்பிக்கிட்டு? விட்டுத் தொலைங்க மூச்சை!" என்று அம்மா சிரித்தாள். படுக்கையில் விழுந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

இன்று கடைசி வரிக்கு வந்தேன். மல்லாந்து படுக்கச் சொன்னது. படுத்தேன். எழுந்திருப்பது எப்படி என்று தாளில் இல்லை. அம்மா கட்டிலிலிருந்து கையை நீட்டினாள், நானும் பிடித்துக்கொண்டேன். யார் யாரை இழுப்பது? பக்கத்து வீட்டுத் தையல்காரர் வரும்வரை அப்படியே கிடந்தோம்.

"இதைப் போய் அவகிட்ட சொல்லி வைக்காதீங்க" என்றாள். எழுத வந்துவிட்ட சந்தோஷத்தில் எழுதிவிட்டேன்.

அம்மாவை அந்த முதியோர் இல்லத்தில் சேர்க்கும் படிவத்தோடு ஞாயிற்றுக்கிழமை வருவாய். இனிமேல் கைநாட்டு கிடையாது, கண்ணு. முழுவதையும் நானே படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.

நான் மெதுவாகத்தான் படிப்பேன். அவசரப்படுத்தாதே.

எழுத்துக்கூட்டி எழுதி முடித்த,
உன் அப்பா