விரிப்பு மடிக்கையில் மனம் போன இடங்கள்

இன்று லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டு ரயிலடிப் பக்கம் திரும்பியபோது, ஒரு சலவைக்கடையின் கதவு திறந்து ஆவி முகத்தில் அடித்தது. சூடான பருத்தித் துணியின் மணம். பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். தோழி, போன மாரியில் நீர் இறந்த செய்தி வந்த அன்று வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது.

எண்பதுகளின் நடுவில் இதே தெருவில், மெத்ரோ ரயில் பாலத்தின் மேல் ஓடுவது சன்னலில் தெரியும் ஓர் அறையில் நாம் இருவரும் குடியிருந்தோம். நீர் யாழ்ப்பாணத்திலிருந்து பிரெஞ்சுப் புலமைப்பரிசில் பெற்று, தொழில் உளவியலில் கலாநிதிப் பட்டம் செய்ய வந்தவர். நான் மன்னாரிலிருந்து தமையனிடம் வந்து, விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் ஆலையில் மடிப்பு வேலை செய்தவள்.

"ஒரே வேலையைத் திருப்பித் திருப்பிச் செய்யிற ஆக்களின்ரை மனம் என்ன செய்யுது எண்டு பாக்கிறதுதான் என்ரை படிப்பு" என்றீர்.

"அதுக்குப் பட்டமே குடுக்கினம்?"

சிரித்தீர். பிறகு மெல்லக் கேட்டீர்: "விரிப்பு மடிக்கேக்கை நீர் எங்கை போறனீர்?"

அப்படி என்னை யாரும் கேட்டதில்லை. நான் மெத்ரோ ஓட்டுவேன் என்று வெட்கத்தோடு சொன்னேன். பாலம் முடிந்தாலும் தண்டவாளம் முடியாது. கூரைகளுக்கு மேலாக, முகிலுக்குள்ளால் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் நல்ல நித்திரை. நீர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர். முடிந்த பிறகும் திறக்கவில்லை.

அந்தக் கோடையில் முதலாளியிடம் அனுமதி வாங்கி எங்கள் ஆலைக்கே வந்தீர். எங்களோடு நின்று மடித்தீர். உம்முடைய விரிப்பின் மூலைகள் ஒருநாளும் பொருந்தவில்லை. அல்ஜீரியப் பெண் பாத்திமா சிரித்துச் சிரித்து அவற்றைத் திரும்ப மடிப்பாள். அவள் மனதுக்குள் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தாள். மேல்மாடிச் சன்னல்களுக்கு நிறம் பூசுகிற கட்டம். நீலம் பிடிக்காமல் போய், பச்சைக்கு மாறியிருந்தாள். போர்த்துக்கல் விதவை ஒருத்தி கணவனோடு நடனமாடுவாளாம். ஆவிக்குள் வெள்ளை விரிப்புகள் எழும்பித் தாழும்போது, அந்த வீடும் நடனமும் என்னுடைய ரயிலும் அவற்றுக்கு நடுவில் அசைவதுபோல எனக்கிருக்கும்.

கோடை முடியும்போது முதலாளி உம்மைக் கூப்பிட்டார். நீர் வெளுத்த முகத்தோடு வெளியே வந்தீர்.

"வேலை நேரத்திலை கனவு காணிற ஆக்களின்ரை பேர் வேணுமாம். ஆக்களைக் குறைக்கப் போறாராம். தந்தால் எவ்வளவு காலமும் வந்து ஆராய்ச்சி செய்யலாமாம். பிறகு வேலையும் தருவாராம்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"ஒருத்தற்றை பேரும் ஞாபகமில்லை எண்டன்."

அடுத்த நாள் உம்மை வாசலில் மறித்தார்கள். ஆய்வுக்கு இடமில்லாவிட்டால் பட்டமில்லை என்றார் உம் பேராசிரியர். புலமைப்பரிசிலும் முடியப்போகிறது, படிப்பு நின்றால் விசாவும் நின்றுவிடும். எனக்குப் பயம் பிடித்தது.

"என்ரை பேரை மட்டும் குடுத்திருக்கலாமே. நான் வேறை வேலை தேடியிருப்பன்."

"விசரே உமக்கு? என்னை நம்பித் தங்கடை மனதுக்குள்ளை கூட்டிக்கொண்டு போனவையள். அங்கை இருந்து நான் களவெடுக்கிறதோ?"

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெண்கள் எங்கள் அறைக்கு வரத் தொடங்கினார்கள். கட்டிலில் வரிசையாக இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, தங்கள் மனம் போன இடங்களைச் சொன்னார்கள். பேராசிரியரும் கடைசியில் அதற்குச் சம்மதித்தார். நீர் பகலில் பிறர் பிள்ளைகளைப் பார்த்துப் பிழைத்துக்கொண்டு, வருடக்கணக்காக எழுதினீர்.

உம்முடைய ஆய்வை நடுவர்கள் விசாரித்த நாளில் நாங்கள் எல்லாரும் பின்வரிசையில் நல்ல உடுப்போடு இருந்தோம். ஒரு நடுவர் ஏதோ கேட்டார். நீர் ஒரே மூச்சில் பதில் சொன்னீர். பாத்திமா கண்ணைத் துடைத்தாள். எனக்கு அவ்வளவு பிரெஞ்சு விளங்காது. வெளியே வந்ததும் கேட்டேன்.

"கனவு காணிற ஆக்கள் வேலையைப் பழுதாக்கிறவையோ எண்டு கேட்டவர். அந்தக் கனவு இல்லாட்டில் அவையள் அங்கை ஒரு நாள்கூட நிண்டிருக்க மாட்டினம் எண்டு சொன்னன்."

பட்டம் கிடைத்தது. 'டொக்டர்' என்று கேள்விப்பட்டு லா சப்பல் கடைக்காரர்கள் உம்மிடம் முழங்கால் நோவுக்கு மருந்து கேட்டார்கள். நீர் அவர்களையும் இருத்தி வைத்துக் கதை கேட்டீர்.

இப்போது நான் நகருக்கு வெளியே கார்ஜில் மகனோடு இருக்கிறேன். மருமகள் கந்தோர் வேலை முடிந்து வந்து வெங்காயம் உரிக்கும்போது, கை தன்பாட்டில் உரிக்க, கண் சன்னலுக்கு வெளியே எங்கோ போய்விடும். "அம்மா, அவளைக் கூப்பிடுங்கோ, எங்கையோ பாத்துக்கொண்டு நிக்கிறாள்" என்பான் மகன். நான் கூப்பிடுவதில்லை. அவள் திரும்பி வரும்வரை கதவடியில் சத்தமில்லாமல் நிற்பேன்.