தளர்த்தப்படும்

கார்த்திகை 14, வெள்ளி.

ஆழ்வார்குறிச்சியில் கணினி மையம் வைத்து எட்டு வருடம் ஆகிறது. இன்றுதான் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தது.

போன மாதம் பேச்சியம்மாள் விடுதிச் சமையல் வேலைக்கு விண்ணப்பம் போட வந்தாள். கணவனை இழந்தவள், வயது முப்பத்தெட்டு. அறிவிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. வயது வரம்பு முப்பத்தைந்து என்று படித்துச் சொன்னேன். கீழே, கைம்பெண்களுக்கு நாற்பது வரை ‘ரிலாக்ஸ்’ என்று ஒரு வரி. ரிலாக்ஸ் என்றால் ஓய்வு என்றுதான் எனக்குத் தெரியும். நாற்பதில் ஓய்வு கொடுத்துவிடுவார்கள் போல என்று நினைத்து, வயது தாண்டிவிட்டது என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

இன்று வந்த வேறோர் அறிவிப்பில் ஆங்கிலத்துக்குப் பக்கத்திலேயே தமிழும் இருந்தது. அதே சொல்லுக்கு, ‘வயது வரம்பு தளர்த்தப்படும்’ என்று போட்டிருந்தார்கள். பழைய அறிவிப்பைத் தேடிப் பார்த்தேன். கடைசி நாள் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரியாது. மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வயலுக்கே போனேன். நாற்று நட்டுக்கொண்டிருந்தவள் வரப்பில் ஏறி வந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

சேற்றுக் கையை வரப்புப் புல்லில் துடைத்துக்கொண்டாள்.

“அன்னைக்கே கேட்டம்லா அண்ணாச்சி, எங்கள மாதிரி ஆளுவளுக்குச் சலுகை எதுவும் போட்டிருக்கான்னு. இல்லன்னு சொன்னியளே.”

கேட்டது உண்மைதான்.

“தெரியாமச் சொல்லிட்டேன்” என்றேன்.

“சரி. இனி நான் வந்தா, எனக்குப் புரியுதோ இல்லையோ, கடைசி வரி வரைக்கும் சத்தமா வாசிங்க.”

திரும்பி வயலில் இறங்கிவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.