மூலையைத் தொடக் கூடாது

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று பள்ளியில் என் முறை நாள். பதினொரு பிள்ளைகள், ஒரு டீச்சர், கூடமாட ஒரு அப்பாவோ அம்மாவோ. அவ்வளவுதான் அந்தப் பள்ளி. பெற்றோர்களே சேர்ந்து நடத்துவது, பாடம் கிடையாது, விளையாட்டு மட்டும். மாதம் இரண்டு செவ்வாய் நான் போக வேண்டும், ஒரு சனிக்கிழமை சுத்தம் செய்ய வேண்டும். தவறினால் பிள்ளைக்கு இடம் போய்விடும். வெளியே ஒன்பது குடும்பம் காத்துக் கிடக்கிறது. இவர் தொலைதூர பஸ் ஓட்டுகிறார், வாரத்தில் ஐந்து நாள் வீட்டில் இருப்பதில்லை. ஆக எல்லா முறையும் என் தலையில்.

முறைக்கு வருகிறவர்களுக்கு மூன்று சட்டம். பிள்ளை செய்ய வேண்டியதை நாம் செய்து கொடுக்கக் கூடாது. 'இது என்ன?' என்று கேட்கக் கூடாது. கடைசியில் கண்ணால் பார்த்ததை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் பன்னிரண்டு வருஷமாக இருப்பு எழுதுகிறவள் நான். எனக்கா எழுதச் சொல்லித்தர வேண்டும்?

'ஒரு பிள்ளை தண்ணீரை வீணாக்கியது, நான்கு முறை' என்று எழுதினேன். டீச்சர் 'வீணாக்கியது' மேல் ஒரு வட்டம் போட்டு, "இதைக் கண்ணால பார்த்தீங்களா?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எரிச்சல். 'ஊற்றியது' என்று திருத்திக் கொடுத்தேன்.

என் மகன் வாலு வழக்கம்போல் என் பின்னாலேயே நின்றான். வீட்டில் அவன் வாலு; நாற்காலி மேல் முக்காலி போட்டு மின்விசிறியைத் தொடப் பார்க்கிறவன். நான் போகும் நாளில் பள்ளியில் வாயைத் திறந்து பார்த்ததில்லை. சேர்ந்து ஐந்து மாதம். இவனுக்கு ஒரு கூட்டாளியாவது உண்டா?

ஆகஸ்ட் 7, வியாழன்

பெற்றோர் கூட்டம். குறிப்பு எழுதும் வேலை எனக்கு. கையெழுத்து நன்றாக இருந்தால் எங்கே போனாலும் இந்தத் தண்டனை உண்டு.

கை துடைக்கும் துண்டு ஆளுக்கொன்றா, எல்லாருக்கும் பொதுவா என்று நாற்பது நிமிடம். பல் டாக்டர் அப்பா ஆளுக்கொன்று கட்சி. துவைக்கப் போவது யார் என்று தையல்கார அம்மா கேட்டதும் கட்சி கலைந்தது. மொத்தம் ஏழு தீர்மானம். எல்லாம் எழுதி, கையெழுத்து வாங்கி, கோப்பில் வைத்தாயிற்று.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இவர் வந்தார். பன்னிரண்டு மணி நேரம் தூங்கினார். வாலு பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 16, சனி

சுத்தம் செய்யும் முறை. மனசுக்கு நிறைவான நாள்.

ஜன்னல் பக்கத்து மூலையை எப்படித்தான் விட்டு வைத்தார்களோ. செருப்புப் பெட்டிகள், மரக்கட்டைகள், பாட்டில் மூடி ஒரு மலை, ஒற்றைச் செருப்பு, கயிறு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கறுப்புக் குடை, கம்பி நீட்டிக்கொண்டு. ஒரு பிள்ளையின் கண்ணில் குத்தியிருந்தால்? குடையையும் செருப்பையும் குப்பை வண்டியில் போட்டேன். கட்டைகளை அளவு வாரியாக அடுக்கினேன். மூடிகளை நிறம் பிரித்து ஆறு ஜாடியில் போட்டேன். நம் வீட்டு டப்பாக்களில் இருக்கிற அதே நீலக் கரை ஸ்டிக்கரில் பெயர் எழுதி ஒட்டினேன். சிவப்பு மூடி 41, பச்சை மூடி 29.

மூன்று மணி நேரம். ஒருத்தரும் கேட்காமல் நானாகச் செய்தது. திங்கட்கிழமை டீச்சர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பார்த்தேன்.

வாலுவை உள்ளே விட்டுவிட்டு வாசலில் கொஞ்சம் நின்றேன், பாராட்டு வாங்கிக்கொண்டு போகலாம் என்று. பிள்ளைகள் ஒவ்வொன்றாக மூலைக்கு ஓடின. ஓடியவையெல்லாம் அப்படியே நின்றன. சத்தமே இல்லை. பதினொரு பிள்ளைகள் இருக்கும் அறையில் சத்தம் இல்லாமல் போவதை இதுவரை நான் கேட்டதில்லை. அப்புறம் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள்.

"யாரு எடுத்தது?" என்று மேனேஜர் கேட்டாள். அவளுக்கு ஐந்து வயது. அறையில் எல்லாவற்றையும் அவள்தான் நடத்துகிறாள், பெற்றோர்கள் வைத்த பெயர் மேனேஜர்.

வாலு ஒரு ஜாடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். படிக்கத் தெரியாதுதான். ஆனால் ஸ்டிக்கர் தெரியுமே. "இது எங்க அம்மா ஒட்டினது" என்றான். அந்த அறையில் அவன் குரலை முதல்முறை நான் கேட்டது அப்போதுதான்.

எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். கையும் களவுமாக மாட்டுவது என்றால் என்ன என்று தெரிந்துகொண்டேன்.

டீச்சர் கூட்டக் குறிப்புக் கோப்பை எடுத்துக் கையில் கொடுத்தார். ஏழாவது வரி: 'ஜன்னல் பக்கத்து மூலையைப் பிள்ளைகள் கட்டி வருகிறார்கள். சுத்தம் செய்பவர்கள் அதைத் தொடக் கூடாது.' அழகான கையெழுத்து. என்னுடையது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று என் முறை. வாலு கேட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர மாட்டேன் என்றான். நான் வெளியே வந்தால் அவன் உள்ளே போகிறான். நான் உள்ளே போனால் அவன் வெளியே வருகிறான். மூன்று தடவை இந்தக் கூத்து.

"நீ வராதே. உன்னால என்னை யாரும் சேத்துக்கல."

அழக்கூட இல்லை அவன். நான்தான் தெருவைப் பார்த்து நின்றேன்.

பல் டாக்டர் தன் நோயாளிகளைத் தள்ளிப்போட்டுவிட்டு வந்து என் முறையைப் பார்த்தார். ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம், அதற்கு மேல் முடியாது என்று டீச்சர் சொன்னார். அடுத்த முறை செப்டம்பர் 2. அதற்குள் இவன் என்னை உள்ளே விடாவிட்டால் இவனுக்கு அந்த இடம் கிடையாது. இதை அவனிடம் சொல்லலாமா என்று கேட்டேன். "பயமுறுத்திச் சம்மதம் வாங்கப் போறீங்களா?" என்றார். சரி, சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

சமையலறை டப்பாக்களில் ஒரு ஸ்டிக்கர்கூட இல்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்திருக்கிறான். இவர் இன்று காலைதான் வந்தார், காபியில் உப்புப் போட்டுக் கொடுத்துவிட்டேன். முழுவதையும் குடித்துவிட்டு, "ஏதாவது நடந்துச்சா?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

தையல்கார அம்மா பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்த படம் ஒன்று அகப்பட்டது. மூலை முழுசாகத் தெரிகிறது. பிள்ளைகள் போன பிறகு டீச்சரிடம் சாவி வாங்கி, படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் திரும்பக் கட்டினேன். பெட்டிக்குப் பெட்டி, மூடிக்கு மூடி. சாய்ந்திருந்த இரண்டு பெட்டிகளை மட்டும் நேராக வைத்தேன். குடைக்கு என் குடை, புதுசு. ஒற்றைச் செருப்புக்கு வீட்டில் கிடந்த ஒன்று.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மேனேஜர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "இது அது இல்ல" என்றாள். எல்லாரும் மணல் தொட்டிக்குப் போய்விட்டார்கள். வாலு எந்தப் பக்கமும் போகவில்லை.

"பெட்டி நேரா இருக்கறதைப் பார்த்ததுமே தெரிஞ்சிருக்கும்" என்றார் டீச்சர். பிறகு, "திருப்பிக் கட்டிட்டீங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசவே இல்லையே" என்றார்.

நாலு வயசுப் பிள்ளைகளிடம் நான் என்ன பேசுவது?

ஆகஸ்ட் 25, திங்கள்

டீச்சர் ஒரு கோப்பைக் கொடுத்து வீட்டில் படிக்கச் சொன்னார். முறைக்கு வந்தவர்கள் எழுதிக் கொடுத்த தாள்கள். கண்ணால் பார்த்தது மட்டும். மதியம் கிடங்கில் உட்கார்ந்து படித்தேன்.

ஜூலை 29, தையல்கார அம்மா: 'ஜன்னல் பக்கம் தனியாக நின்ற பையன் உடைந்த குடையை விரித்து அதன் கீழே உட்கார்ந்தான். மேனேஜர் என்ன செய்கிறாய் என்றாள். பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்றான். அவளும் உட்கார்ந்தாள்.'

ஆகஸ்ட் 6, பல் டாக்டர்: 'ஐந்து பேர் குடையின் கீழே. பையன் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்தான். மூடிதான் டிக்கெட். எங்கப்பா பஸ் நாலு மணிக்கு வரும், தள்ளாதீங்க என்றான். ஒருவரும் தள்ளவில்லை.'

ஆகஸ்ட் 13, பல் டாக்டர்: 'பதினொரு பேரும்.'

என் பிள்ளை பேசியிருக்கான். எல்லாரையும் நிக்க வெச்சு, அதட்டி... பேசியிருக்கான்! நான் போற நாள் மட்டும்தான் என் பின்னாடி நின்னிருக்கான். இது தெரியாம கூட்டாளி இல்லையேன்னு நான் கவலைப்பட்டு, அவனுக்கு இருந்த ஒரே பஸ் ஸ்டாண்டைக் குப்பை வண்டியில ஏத்தி அனுப்பிட்டு, நாப்பத்தி ஒண்ணுன்னு எண்ணி வேற எழுதி ஒட்டியிருக்கேன். என்னை என்ன சொல்றது?

மருந்தாளர் அக்கா வந்து கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டார். தூசி என்றேன். என் கிடங்கில் தூசி கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நானும் கீழே உட்கார்ந்தேன். சுருக்கமாகப் பேசுங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். மூலையைக் கலைத்தது நான், உங்களைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, தப்பு என்னுடையது என்றேன். தணிக்கைக்காரர்கள் வந்தபோதுகூட என் குரல் இப்படி நடுங்கியதில்லை.

ஏன் எடுத்தீங்க என்று கேட்டார்கள். குப்பை என்று நினைத்தேன் என்றேன். உங்களுக்குக் கண்ணாடி போடணும் என்று பல் டாக்டர் மகன் அக்கறையாகச் சொன்னான். மேனேஜர் குடை எங்கே என்றாள். தூக்கிப் போட்டதைச் சொன்னேன். புதுக் குடை வேண்டாம், உடைந்த குடைதான் வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. வாலு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் கூட்டிக்கொண்டு வரும் வழியில், கீழே பார்த்தபடியே சொன்னான்: "கறுப்பு. ஒரு கம்பி வெளிய நீட்டிட்டு இருக்கணும்."

ஒரு வாரத்தில் என்னிடம் அவன் பேசிய முதல் வார்த்தை. அப்படியே எழுதி வைத்துக்கொள்கிறேன். கிடங்கில் சரக்கு கேட்டு வரும் சீட்டுகூட இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

இவர் என் குடையை உடைத்துத் தருகிறேன் என்றார். ஒரு கம்பியை வளைத்தும் விட்டார். வாலு பார்த்துவிட்டு, "இது இப்பதான் உடைஞ்சது" என்றான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கிடங்கு வாசல் காவலாளி அண்ணனின் குடையைத் தினமும் பார்க்கிறேன், இத்தனை நாள் கண்ணில் படவில்லை. கறுப்பு. கம்பி நீட்டிக்கொண்டு. இவர் கெடுத்த என் குடையைச் சரிபண்ணி எடுத்துப் போய், மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் தன் குடையை உதறிப் பார்த்தார், உள்ளே பார்த்தார், கைப்பிடியைத் திருகிப் பார்த்தார். "இதுல அப்படி என்னம்மா இருக்கு?" என்றார். பஸ் ஸ்டாண்ட் என்றேன். சட்டென்று கொடுத்துவிட்டார், பேச்சை வளர்க்க விரும்பவில்லை போலிருக்கிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

கேட்டில் நின்றேன், குடையோடு. உள்ளே காலை வைக்கவில்லை. வாலு வாங்கி விரித்தான். கம்பியைத் தொட்டுப் பார்த்தான். மேனேஜரைக் கூப்பிட்டான். அவளும் தொட்டுப் பார்த்தாள். "சரி, உள்ள வாங்க" என்றாள்.

நான் நேராக்கின பெட்டிகளை அவர்களே இடித்துவிட்டுப் புதிதாக ஏதோ கட்ட ஆரம்பித்திருந்தார்கள். என்னவென்று நான் கேட்கவில்லை. ஒரு பெட்டி விழப் பார்த்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். விழுந்தது. சிரித்தார்கள். அப்புறம் வாலு என் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துப் போய், இங்கேயே நில், நகரக் கூடாது என்றான். பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்து, எட்டிக் குதித்து என் தோளில் ஒட்டினான்.

என் தாள்: '10.10: குடை வந்தது. 10.25: பெட்டி விழுந்தது. மீண்டும் வைத்தார்கள். 10.30 முதல் 12.15 வரை ஒரு அம்மா மூலையில் நின்றாள். பதினொரு பேர் அவளுக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றார்கள். ஒருவரும் தள்ளவில்லை.' டீச்சர் படித்தார். எங்கும் வட்டம் போடவில்லை.

சாயங்காலம் இவர் போன் செய்தார். உனக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்றார். தெரியாது, கேட்கவில்லை என்றேன். வாலு போனைப் பிடுங்கிக்கொண்டு, "அம்மாதான்ப்பா கம்பம். பஸ் ஸ்டாப்புல போர்டு வெச்சு நிக்குமே, அது" என்றான்.

செப்டம்பர் 3, புதன்

இன்றும் அதே மேல்சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனேன். தோளில் ஏன் 'உப்பு' என்று ஒட்டியிருக்கிறது என்று மருந்தாளர் அக்கா கேட்டார். எடுத்துவிடவா என்று கை நீட்டினார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

காலையில் கேட் பக்கத்தில் வாலு சொல்லிவிட்டுப் போனது: "அடுத்த தடவையும் நீதான் வரணும். கம்பம் இல்லேன்னா அப்பா பஸ் நிக்காம போயிடும்."

16ஆம் தேதி. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.