இங்கிலீஷில் வந்த காரணம்

நேற்று பிச்சாட்டூரில் தேவயானியின் தம்பிக்குக் கல்யாணம். அதற்கு வராமல், இன்று விடிந்தபின் வீடு திரும்பித் தொப்பியோடு படுத்துத் தூங்கும் புருஷன் ஹேமநாத்துக்கு, வேலைக்குக் கிளம்பிய அவள் காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்.

“மாமா, சோறும் கத்திரிக்கா கொழம்பும் இருக்குது. சூடு பண்ணித் துன்னு. சாவியைப் பக்கத்து வீட்டு ஜமீலாக்காகிட்ட கொடு.

நான் நாத்தனார் முடிச்சு போட்டுக்கினு இருக்கும்போது, வர முடியலைன்னு உன் மெசேஜ் வந்துச்சு. காரணம் ‘எக்ஸ்டெனுவேட்டிங் சர்க்கம்ஸ்டன்சஸ்’னு போட்டிருந்தே. வக்கீலுக்குப் படிக்கிற ஹரிப்ரியாவைக் கேட்டேன். செஞ்ச தப்பைச் சின்னதாக் காட்டச் சொல்ற காரணமாம். அப்போ இன்னா தப்பு செஞ்சே? லீவு லெட்டரே தெலுங்குல எழுதுறவன் நீ. இதை எவ எழுதிக் கொடுத்தா? கம்பெனிக்குப் போன் போட்டேன். ரெண்டு நாளா லீவுன்னாங்க. யார்கூட சுத்திக்கினு இருந்தே?”

பேனாவை மூடிவிட்டு, நழுவிக் கிடந்த போர்வையை அவன்மேல் இழுத்துவிட்டாள். கை பட்டுத் தொப்பி கழன்றது. மொட்டைத் தலை. மேலே சந்தனம்.

எவளோடோ சுற்றுகிறவன் திருமலைக்குப் போய் முடி கொடுக்க மாட்டான். நல்ல சேதிக்காகக் கொடுத்திருந்தால் மறைத்திருக்கவும் மாட்டான். தேவயானி மறுபடி பேனாவைத் திறந்தாள். தாளின் அடியில் கொஞ்சம்தான் இடம் இருந்தது.

“போன வாரம் ஆஸ்பத்திரியில என் ரிப்போர்ட்டை நீதானே வாங்கினே? ஒண்ணுமில்லைன்னியே. அதை எடுத்து வை. சாவியை யார்கிட்டயும் கொடுக்க வேணாம். நான் வேலைக்குப் போவலை, வாசப்படியிலயே குந்திக்கினு இருக்கேன்.”