மூன்றாவது பாட்டு முடிந்த பிறகு

என் உயிரான மேபல் அக்கா,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. இன்று எழுதுகிறேன் என்றால் பயத்தினால்தான். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, திட்டாதே.

நாகர்கோவிலில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோ வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் மகள் ஜெனி, காதில் ஹெட்போனோடு. எப்படி இங்கே வந்து சேர்ந்தோம் என்று முதலிலிருந்தே சொல்கிறேன்.

சபையின் ஆண்டுவிழாவுக்கு நம் பாடகர் குழுவின் பழைய கேசட்டைப் புதிதாக சிடியாகப் போடுகிறார்கள். முன்பு ஒரு சிடி வந்ததே, சத்தமே எழும்பாமல்? அப்படி ஆகிவிடக் கூடாதாம். அட்டையில் ‘இருபத்துநாலு பிட்’ என்று போட்டே ஆகவேண்டும் என்று செயலாளர் ஒற்றைக்காலில் நிற்கிறார். அது என்னவென்று அவருக்கே தெரியாது. “நீங்க கணக்கு டீச்சருதானே, போயி என்னன்னு கேட்டுட்டு வாங்க” என்று போன வாரம் என்னை அனுப்பினார். நானும் பெரிய இவள் மாதிரி கிளம்பினேன்.

கிளம்பும்போது ஜெனி போன் செய்தாள். “சித்தி, அம்மா பேசினது போன்ல கிடக்கு. பாடினதுதான் ஒண்ணுமில்ல. கொயர்ல எல்லாரும் சேந்துல்லா பாடுகாங்க. அம்மாக்க சத்தம் மட்டும் தனியா எங்கயாவது கிடக்கான்னு பாருங்க.” பார்க்கிறேன் மக்கா என்றேன். அவசரமாகப் போனை வைத்துவிட்டேன். ஏனென்று உனக்கு மட்டும்தான் தெரியும்.

ஸ்டூடியோக்காரர் சுஜின் பொறுமைசாலி. நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். சத்தத்தை எண்ணாக மாற்றும்போது, ஒவ்வொரு துளியும் எவ்வளவு உரக்க இருக்கிறது என்று ஓர் அளவுகோலில் அளக்கிறார்கள். பதினாறு பிட் என்றால் அந்தக் கோலில் அறுபத்தையாயிரத்துச் சொச்சம் கோடுகள். இருபத்துநாலு என்றால் ஒன்றரைக் கோடிக்கும் மேல். உரத்த பாட்டுக்கு இரண்டும் போதும். மெல்லிய சத்தத்துக்குத்தான் கோடுகள் போதாமல் போகும்.

“சிடில எப்பவும் பதினாறுதான் டீச்சர். வேலைதான் இருபத்துநாலுல செய்யது. பழைய சிடிக்கு ரொம்ப தணிச்சுப் பதிஞ்சிருக்காங்க. பாட்டு முடியுற இடமெல்லாம் கரகரன்னு வந்திருக்கும், அதான் வெட்டி விட்டிருக்காங்க. நான் ஒரிஜினல் டேப்புல இருந்தே எடுத்திருக்கேன், கேளுங்க” என்று ஹெட்போனை மாட்டிவிட்டார்.

மூன்றாவது பாட்டு. என் தனிப்பாட்டு என்று ஊரே சொல்லும் பாட்டு.

உனக்கு நினைவிருக்கும், நம் சபைக் கோயிலில்தான் அன்று ரெக்கார்டிங். குழுவினர் எல்லாரும் தேநீருக்குப் போய்விட்டார்கள். மைக் முன்னால் நான் நாலு தடவை பாடிப் பார்த்தேன். நாலு தடவையும் குரல் உடைந்தது. கேசட் அட்டையில் என் பெயர் ஏற்கெனவே அச்சாகிவிட்டது. சவுண்டுக்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நீ என்னைத் தள்ளிவிட்டு மைக் முன்னால் போய் நின்று, ஒரே மூச்சில் பாடி முடித்தாய். அந்தச் சவுண்டுக்காரரும் இப்போது உயிரோடு இல்லை. என் வீட்டுக்காரர் என்னைப் பெண் பார்க்க வந்ததே அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் என்று இன்றும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நான் சிரித்துக்கொண்டு காப்பி போடப் போய்விடுவேன்.

பாட்டு முடிந்தது. கோயிலின் எதிரொலி அடங்குகிறது. அதற்கும் கீழே, மிக மெல்ல, நீ.

“ஏட்டி ஸ்டெல்லா, அழாத. உனக்க பேரே இருக்கட்டும். நான் யாருட்டயும் சொல்லமாட்டேன்.”

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன், அக்கா. சுஜின் என் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கடைசில பதினாறா சுருக்கும்போது இது போயிராதா?” என்று கேட்டேன். போய்விட வேண்டும் என்று அந்த நிமிஷம் ஜெபமே செய்தேன். அவர் பெருமையாகச் சொன்னார்: “போகாது டீச்சர். சுருக்கும்போது நாங்களே மெல்லிசா ஒரு இரைச்சல் சேப்போம். அதனால சின்னச் சத்தம் உடையாம நிக்கும்.”

“வெட்டிருங்க” என்றேன்.

பஸ்ஸில் வரும்போதே ஜெனி கூப்பிட்டாள். “கிடைச்சுதா சித்தி?” இல்ல மக்கா என்றேன். “சரி சித்தி, விடுங்க. எனக்காக அலைஞ்சீங்களே, சாப்பிட்டீங்களா?” என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. சபையில் யாராவது தூரத்தில் கூடி நின்று பேசினால், அது என்னைப் பற்றித்தான் என்று படுகிறது. உன் குரலை முதலில் உன்னிடமிருந்து எடுத்தேன், இப்போது உன் பிள்ளையிடமிருந்தும் எடுக்கிறேனே, நான் என்ன மனுஷி? நீ இருந்திருந்தால் அன்றைக்குப் போலவே என்னை இடித்துத் தள்ளியிருப்பாய், இல்லையா?

இன்று காலை சுஜினைக் கூப்பிட்டு, வெட்ட வேண்டாம் என்றேன். ஜெனியை அழைத்து வந்தேன். “ஒரு பாட்டு கேக்கணும் மக்கா, முடிஞ்ச பொறவும் ஹெட்போனக் கழத்தாத” என்று மட்டும் சொன்னேன். வராந்தாவில் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

பாட்டு முடிந்திருக்க வேண்டும். அவள் அசையவில்லை. இப்போது ஒரு விரலைக் காட்டுகிறாள், மறுபடி போடச் சொல்லி. இது மூன்றாவது தடவை. இன்னும் என் பக்கம் திரும்பவில்லை. அவள் திரும்பும்போது அந்த முகம் எப்படி இருக்கும்? நினைத்தாலே எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கிறது.

ஓட மாட்டேன், அக்கா. நீ சாகும்வரை வாக்கைக் காப்பாற்றினாய். இனி என் முறை. அட்டையில் உன் பெயர் வரும். இந்தக் கடிதத்தைச் சபை மலருக்கே கொடுக்கப் போகிறேன். அதற்கு முன்னால், இன்று சாயங்காலம், வீட்டுக்காரரிடம் நானே சொல்லிவிடுவேன். ஜெனி என்ன கேட்டாலும் இனி அவளிடம் பொய் சொல்லமாட்டேன்.

அவள் ஹெட்போனைக் கழற்றுகிறாள்.

நீ பாட, நின்று அழுத
உன் தங்கச்சி
ஸ்டெல்லா