ஞாயிற்றுக்கிழமைப் புண்

14.3.1983, திங்கள்.

துத்தநாகச் சேர்மம் தடவினால் எலிகளின் புண் விரைவில் ஆறுகிறதாம். அந்த ஆய்வைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுத இன்று சேலத்தில் ஒரு கல்லூரிக்குப் போனேன். ஆய்வு மாணவி தமிழரசி தினமும் கண்ணாடித்தாளில் ஒவ்வொரு புண்ணின் ஓரத்தையும் வரைந்து, எவ்வளவு சுருங்கியது என்று கணக்கிடுகிறாள். தாள்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். சனிக்கிழமைக் கோடும் ஞாயிற்றுக்கிழமைக் கோடும் எல்லா எலிகளுக்கும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தன.

"ஞாயித்துக்கிழமை வந்தியாம்மா?"

அவள் முகம் வெளுத்தது. "அண்ணன் கண்ணாலமுங்க சார். குமாரபாளையம் போயிட்டனுங்க. லீவு கேட்டதுக்கு, எலிய ஆரு பாப்பான்னாருங்க பேராசிரியர். எழுதிப்போடாதீங்க, மூணு வருச உழைப்புங்க."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வெளிய அனுப்பிருவாருங்க."

நாளைப் பதினோரு மணிக்குள் அவளே அவரிடம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் கேட்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மருந்து உண்மையிலேயே நல்லதாக இருக்கலாம். மற்ற நாட்களின் கோடுகளும் சரியாக இருக்கலாம். இனி அவற்றை யார் நம்புவார்கள்?

செய்தியை எழுதி முடித்துவிட்டேன். புண் எத்தனை நாளில் ஆறியது என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.