வண்டியில் என் குரல்

கார்த்தஹேனாவில் தங்கை வீட்டில் இருக்கும் என் மகராசிக்கு,

இன்று நான் கூவி விற்றேன்! ஆமாம், நானேதான்!

காலையில் ரெபோலோ தெருவுக்குள் நுழையும்போது, ஒலிபெருக்கிக்காக நீ பதிந்து கொடுத்த குரல் பாதியில் நின்றுபோயிற்று. எவ்வளவு தட்டியும் வரவில்லை. பின்னால் வண்டி நிறையப் பழுத்த பப்பாளி. நம் ஊர் பாரன்கியா வெயிலில் சாயங்காலத்துக்குள் குழைந்துவிடும். வேறு வழியில்லாமல் மைக்கை எடுத்தேன். "ப... ப... ப..." என்று தெரு முழுக்க என் திக்கல்தான் கேட்டது.

மாடியிலிருந்து எடெல்மிரா கத்தினாள்: "என்ன முதலாளி, பொண்டாட்டி போறப்ப குரலையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாளா?"

வேறொரு நாளாக இருந்தால் வண்டியைக் கிளப்பியிருப்பேன். இன்று மைக்கிலேயே பதில் சொன்னேன்: "ப... பழத்த விட்டுட்டுத்தான் போயிருக்கா. கீ... கீழ வந்து வாங்கிக்க!"

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். எடெல்மிரா கூடையோடு இறங்கி வந்தாள், அவள் பின்னாலேயே மற்றவர்களும். மதியத்துக்குள் வண்டி காலி! மகராசி, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: திக்கல் எங்கும் போய்விடவில்லை. கடைசிப் பழத்தையும் திக்கித்தான் விற்றேன்.

உன் தங்கை வீட்டுக்குச் சத்தமே இல்லாத தொலைபேசி அழைப்பு அடிக்கடி வருகிறதாமே? எடுத்துத் திட்டிவிட்டு வைத்துவிடுகிறாயாமே? அது நான்தான். ஞாயிற்றுக்கிழமை மறுபடி அழைப்பேன். வீட்டுக்கு வா என்று சொல்லத்தான். முதல் சொல் வெளியே வரக் கொஞ்சம் நேரமாகும்.

வைத்துவிடாதே.

உன் பப்பாளிக்காரன்